அத்தியாயம் 9: கார்த்திகைக் காற்றில் உடையும் பைப்

பைப் உடைந்த சத்தம் கேட்டதும் எல்லோருடைய கையும் உடைந்த இடத்துக்குத்தான் போகிறது. கட்டைவிரலை வைத்து அழுத்துகிறோம், கிடைத்த துணியைச் சுற்றுகிறோம், வாளியைத் தேடி ஓடுகிறோம். மொட்டைமாடியில் 1,000 லிட்டர் டேங்க் நிரம்பி நிற்கும்போது இதெல்லாம் வீண் வேலை. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால், கீழே குழாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 1 கிலோ எடை அழுத்தும். ஒரு மாடி வைத்த வீட்டின் சமையல்கட்டுக் குழாயில் அதில் பாதிக்கு மேலேயே இருக்கும். விரல் தாங்காது. கை போக வேண்டிய இடம் வால்வு. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், திருப்பினால் திரும்புமா என்ற மூன்றும் பாட்டி முதல் பத்து வயதுப் பிள்ளை வரை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டாம்.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது நான் நெம்மேலியில் இருந்தேன். வானிலை மையம் சொன்ன காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். நள்ளிரவு நெருங்கும்போது பின்வீட்டுப் பெரியம்மா ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார். "தம்பி, சமையல்கட்டுல தண்ணி கொட்டுது, சீக்கிரம் வாப்பா!"

டேங்கிலிருந்து வெளிச்சுவர் வழியாக இறங்கும் பைப்பைப் பிடித்திருந்த கிளாம்புகள் துருவேறி உதிர்ந்திருந்தன. பிடிப்பு இல்லாத பைப்பைக் காற்று ஊஞ்சல் மாதிரி ஆட்டியதில், அது சமையல்கட்டுக்குள் நுழையும் இடத்து எல்போ முறிந்துவிட்டது. பெரியம்மா பழைய புடவையைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது படிக்கும் பேரன், "வால்வு மாடியில இருக்கு, நான் போய் மூடுறேன்" என்று கிளம்பினான். நான் விடவில்லை. தகர ஷீட்டும் தென்னை மட்டையும் பறக்கிற நேரத்தில் மொட்டைமாடிக்குப் போகக் கூடாது. மொட்டைமாடியில் மட்டும் இருக்கிற வால்வு, புயல் இரவில் இல்லாத வால்வுதான். அன்று நான் கற்றுக்கொண்டது இது.

ஊரில் கரண்ட் இல்லை. ஆனால் அந்தச் சமையல்கட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டர். தண்ணீர் சுவரில் வழிந்து ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது, ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கையில் பெரியம்மா ஈரத்தில் நின்றிருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு நடுக்கம் வருகிறது. காய்ந்த இடத்தில் நின்று முதலில் இன்வெர்ட்டரை அணைத்தோம். பிறகு குளியலறைக் குழாய்களையெல்லாம் முழுசாகத் திறந்துவிட்டோம். டேங்கில் இருக்கும் தண்ணீர் எப்படியும் இறங்கத்தான் போகிறது, பாதியாவது சாக்கடை வழியாகப் போகட்டும் என்ற கணக்கு. முக்கால் மணி நேரத்தில் டேங்க் காலியானது. காலையில் மாடிக்குப் போய் அந்த கேட் வால்வைத் திருப்பினால், சக்கரம் கையோடு கழன்று வந்தது. இரவில் பேரன் உயிரைப் பணயம் வைத்து ஏறியிருந்தாலும் அது மூடியிருக்காது.

முதல் ஐந்து நிமிடம்

தண்ணீர் மின்சாரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மற்றதெல்லாம் பிறகு. கையும் காலும் காய்ந்திருக்க, காய்ந்த தரையில் நின்று மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை இறக்கினாலும் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சில அறைகளில் ஓடிக்கொண்டே இருக்கும். மெயின் போர்டுக்குப் போகும் வழியிலேயே தண்ணீர் தேங்கியிருந்தால், அல்லது போர்டே நனைந்திருந்தால், அதைத் தொடாதீர்கள். எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்கு, 94987 94987, போன் செய்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். யாருக்காவது ஷாக் அடித்திருந்தால் 108.

மின்சாரம் பாதுகாப்பாக இருந்தால், அடுத்து மோட்டார். டேங்கில் தண்ணீர் குறைந்ததும் தானாக மோட்டாரைப் போடும் ஆட்டோமேட்டிக் பெட்டி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. மற்ற நாளில் நல்ல வசதி. பைப் உடைந்த நாளில், டேங்க் இறங்க இறங்க அது சம்ப்பில் உள்ளதை மேலே ஏற்றி, ஏற்றியதை உடைப்பு வழியாக உங்கள் ஹாலுக்கே அனுப்பும். இரண்டு டேங்க் தண்ணீரை வீட்டுக்குள் விட்டுவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. பெட்டியை அணைத்தால் மட்டும் போதாது, மோட்டார் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள்.

மோட்டார் நின்றதும் கசிவும் நின்றுவிட்டதா? அப்படியானால் உடைந்தது சம்ப்பிலிருந்து டேங்குக்கு ஏறும் பைப். காலை வரை நிம்மதியாகத் தூங்கலாம். நிற்கவில்லை என்றால் டேங்கிலிருந்து இறங்கும் பைப். இப்போது வால்வு.

வால்வு இரண்டு வகை. சக்கரம் மாதிரி பல சுற்றுச் சுற்ற வேண்டியது கேட் வால்வு. வலப்பக்கம் சுற்றினால் மூடும். கால் சுற்றிலேயே மூடிக்கொள்வது பால் வால்வு. அதன் கைப்பிடி பைப்போடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால்தான் கடலோர வீட்டுக்கு நான் எப்போதும் பால் வால்வைத்தான் சொல்வேன். வால்வு இறுகியிருந்தால் ஸ்பேனர் போட்டு வம்படியாகத் திருப்பாதீர்கள். முறிந்தால் கசிவு ஒன்று இரண்டாகும்.

வால்வே இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. ஆனால் காற்று மழை இல்லாத சாதாரண நாள், மாடிக்குப் போகலாம். அப்போது பழைய வழி ஒன்று உண்டு. கெட்டித் துணியைத் தேங்காய் அளவுக்குச் சுருட்டி, பாலித்தீன் பையில் போட்டு, கயிற்றால் இறுகக் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே பிடித்தபடி டேங்குக்குள் இறக்குங்கள். ஒரு கழியால் வெளிப்போக்குத் துளையின் அருகே தள்ளினால், ஓடும் தண்ணீரே அதை இழுத்துத் துளையில் அடைத்துவிடும். மேலே நிற்கும் தண்ணீரின் எடை அதை நகரவிடாது. கயிறு அவசியம். இல்லாவிட்டால் பிறகு அதை எடுக்க டேங்கைக் காலி செய்ய வேண்டும். டேங்குக்குள் எட்டிப் பார்க்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

கீசர் வைத்திருப்பவர்கள் அதன் ஸ்விட்சையும் அணைத்துவிட வேண்டும். தண்ணீர் வற்றிய கீசரில் காயில் காய்ந்து எரிந்துபோகும்.

இங்கே ஏன் உடைகிறது

குளிர்நாட்டில் பைப் வெடிப்பதற்குக் காரணம் பனி. சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். நம் கரையில் குழாய்த் தண்ணீர் உறைவதற்கு வாய்ப்பே இல்லை. ஆனாலும் இங்கேயும் பைப் அதிகம் உடைவது குளிர்காலத்தில்தான், ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே. வெயிலும் உப்பும் வருஷம் முழுக்க அரித்துவைத்ததை வடகிழக்குப் பருவக்காற்று வந்து முறிக்கிறது.

வெயிலைச் சொல்கிறேன். வெள்ளை பி.வி.சி. பைப் மொட்டைமாடியில் மூடாமல் கிடந்தால் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேல்தோல் மாவாகும். விரலால் தேய்த்துப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி ஒட்டினால் அதன் இளக்கம் போய்விட்டது என்று அர்த்தம். புதிதாக இருந்தபோது வளைந்து கொடுத்த பைப் இப்போது அப்பளம் மாதிரி நொறுங்கும். பங்குனி சித்திரையில் கவனிக்க மாட்டோம், ஏனென்றால் அப்போது அதை ஆட்டுவதற்கு யாரும் இல்லை. வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன் பெயிண்டையே பைப்புக்கும் இரண்டு கோட் அடித்தால் பல வருஷம் தாங்கும். இவ்வளவு மலிவான வைத்தியத்தை இத்தனை வீடுகள் செய்யாமல் விட்டிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்தது உப்பு. நெம்மேலி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013-இல் இயங்கத் தொடங்கியது; 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் தென் சென்னைக்குப் போகிறது. இந்த வகை ஆலைகளில் கடல்நீர் அழுத்தத்தோடு ஓடும் இடங்களில் சாதாரண இரும்பை வைப்பதில்லை. உப்பைத் தாங்கும் உயர்ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் வைப்பார்கள், அல்லது துருவே பிடிக்காத பிளாஸ்டிக் வகைகளை. அதே கரையில், அதே உப்புக் காற்றில், நாம் வீட்டுப் பைப்பைச் சுவரோடு பிடிக்க கால்வனைஸ்டு தகடும் இரும்பு ஆணியும் அடிக்கிறோம். தகடு துருவேறும்போது உப்பிப் பருத்து பைப்பை நெரிக்கும், அல்லது ஆணி கழன்று பைப்பை அந்தரத்தில் விடும். பெரியம்மா வீட்டில் நடந்தது இரண்டாவது. கிளாம்பு பிளாஸ்டிக்கில் இருக்கட்டும், திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். இந்த இரண்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய ஜி.ஐ. பைப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில், மரை வெட்டிய இடங்களில்தான் முதலில் அரிக்கும். அங்கே ஜிங்க் பூச்சு வெட்டுப்பட்டிருக்கும், தகடும் மெலிந்திருக்கும்.

காற்றைப் பற்றி ஒன்று. காலி டேங்கைக் காற்று நகர்த்தும். நிறைந்த 1,000 லிட்டர் டேங்க் ஒரு டன் எடை, அசையாது. டேங்க் நான்கு விரல் நகர்ந்தால் போதும், அதன் கழுத்தில் இருக்கும் நிப்பிள் பிளந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள். கரண்ட் போன பிறகு புழங்கவும் அது உதவும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது: தண்ணீர் அடி. வேகமாக ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது ரயில் மாதிரி முன்னால் போய் மோதும். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் குழாயைப் பட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டொக்' என்று கேட்கிறதே, அதுதான். அந்தச் சத்தம் தினமும் கேட்கிற வீட்டில் ஏதோ ஒரு எல்போ நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. பம்ப்பின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், பைப் ஆடுகிற இடத்தில் கிளாம்பு போடுங்கள்.

விடியும் வரைக்குமான கட்டு

தண்ணீர் நின்றுவிட்டது. கடை திறக்கப் பல மணி நேரம் இருக்கிறது. வீட்டில் குழந்தை இருக்கிறது, கொஞ்சமாவது தண்ணீர் வேண்டும். அப்போது சைக்கிள் டியூப். பழைய டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளவாக்கில் வெட்டி, பைப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, விரிசலுக்கு ஒரு சாண் முன்னாலிருந்து தொடங்குங்கள். ரப்பரை முடிந்தவரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி விரிசலைத் தாண்டி ஒரு சாண் வரை சுற்றி, கட்டுக்கம்பியாலோ ஹோஸ் கிளிப்பாலோ இறுக்க வேண்டும். பிறகு வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, தேவையான தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மறுபடி மூடிவிடுங்கள். நேராக ஓடும் பைப்பில் இந்தக் கட்டு நன்றாக நிற்கும். எல்போவிலும் டீயிலும் நிற்காது, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எம்-சீல் வைத்து அடைப்பது பலருக்குப் பழக்கம். ஈரத்தில் அது பிடிக்காது. காய்ந்த இடத்தில் பிடித்தாலும், அழுத்தத்தில் ஓடும் பைப்பின் விரிசலுக்கு அது மருந்தல்ல. வைத்தால் அடுத்த மழைக்குள் மாற்றிவிட வேண்டும். பெயிண்ட் பூசி மறைத்துவிட்டு மறந்துபோவதுதான் ஆபத்து.

விடிந்த பிறகு

பிளம்பர் வர நாலு நாளாகும், புயலுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் அவருக்கு வேலை. நேரான பைப்பில் ஒரு வெட்டு என்றால் நீங்களே செய்துவிடலாம்.

உடைந்த துண்டை வெட்டி எடுத்துக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். திருப்போரூரோ கோவளமோ, எந்தக் கடையாக இருந்தாலும் "முக்கால் இஞ்ச் கப்ளர் ஒண்ணு குடுங்கண்ணே" என்று வெறும் வாயால் கேட்டால் பாதி நேரம் தவறான சாமான்தான் வரும். முக்கால் இஞ்ச் யு.பி.வி.சி.க்கும் முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி.க்கும் வெளிச்சுற்றளவு வேறு. மில்லிமீட்டர் கணக்கில் வரும் பழைய பி.வி.சி. இன்னொரு அளவு. வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் யு.பி.வி.சி., குளிர்ந்த தண்ணீருக்கு. வெளிர் மஞ்சளாக இருப்பது சி.பி.வி.சி., வெந்நீரையும் தாங்கும். பைப்பின் மேலேயே அச்சடித்திருப்பார்கள், படியுங்கள். சொல்யூஷனும் இரண்டுக்கும் வேறு வேறு. கீசரிலிருந்து வரும் வெந்நீர் லைனில் வெள்ளைப் பைப் துண்டை வைத்து ஒட்டிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். சில வாரத்தில் அது இளகித் தொங்கிவிட்டது.

வெட்டு நேராக இருக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடு விட்ட பிசிறைக் கத்தியால் சீவி, உள்ளும் வெளியும் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள். தோல்வி பெரும்பாலும் இங்கேதான். மேலே பைப்பில் தங்கியிருக்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும், பொறுமை இழந்து அப்படியே ஒட்டுவார்கள், மறுநாள் அதே இடம் கசியும். கீழ்க்குழாய்களைத் திறந்து வைத்து முழுசாக வடியவிடுங்கள். சொட்டு நிற்கவே இல்லையென்றால் ஒட்டும் முறையை விட்டுவிட்டு, ரப்பர் வாஷரோடு திருகி இறுக்கும் கம்ப்ரெஷன் கப்ளரைக் கேட்டு வாங்குங்கள். விலை கூட, ஆனால் ஈரத்திலும் நிற்கும்.

பைப்பின் மேலும் கப்ளரின் உள்ளும் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, கால் திருப்புத் திருப்பி உள்ளே தள்ளி, மனசுக்குள் முப்பது எண்ணும் வரை விடாமல் பிடியுங்கள். விட்டால் பைப் மெதுவாக வெளியே நழுவும். காயும் நேரம் டப்பாவிலேயே எழுதியிருக்கும். மழைக்காலத்து ஈரக் காற்றில் அதைப் போல இரண்டு மடங்கு கொடுங்கள். தண்ணீர் விடும்போது வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, வீட்டின் கடைசிக் குழாயைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். சீறிச் சீறி வந்து பிறகு ஒழுங்காக வரும். ஒட்டிய இடத்தைச் சுற்றி நியூஸ் பேப்பர் துண்டைக் கட்டி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் தெரிந்துவிடும்.

சுவருக்குள் உடைந்திருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். பெயிண்ட் உப்புவது, ஸ்விட்ச் பெட்டிக்குள் ஈரம் இருப்பது, டைல்ஸ் இடுக்கில் ஊறுவது ஆகியவை அதன் அடையாளம். அந்த அறைக்கான வால்வை மூடி, அந்தச் சுவரில் ஓடும் மின் இணைப்பையும் அணைத்துவிட்டு ஆளுக்குக் காத்திருங்கள். சுவர் காய்ந்ததை எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும்.

மண்ணுக்கு அடியில்

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே நம் நிலம் வெறும் மணல். களிமண் ஊரில் தரைக்கு அடியில் பைப் உடைந்தால் தண்ணீர் மேலே ஊறித் தெரியும். இங்கே மணல் அப்படியே குடித்துவிடும். மோட்டார் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடுகிறது, சம்ப் சீக்கிரம் காலியாகிறது, தோட்டத்தில் ஒரு மூலை மட்டும் உள்வாங்குகிறது என்றால் சந்தேகப்படுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, சம்ப்பின் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, காலையில் பாருங்கள். டேங்குக்கும் அதே சோதனை. பெருமழையில் மணல் அரித்துப்போனால் பைப்புக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகும், அதன் மேல் காரை ஏற்றினால் முடிந்தது. வாசலில் கார் ஏறும் இடத்தில் மட்டுமாவது பைப்பை இன்னொரு பெரிய பைப்புக்குள் விட்டு, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறையாமல் புதையுங்கள்.

தரைக்கு அடியில் உடைந்த பைப்பில் நஷ்டமாகும் தண்ணீரைவிடப் பெரிய கவலை உள்ளே வரும் தண்ணீர். லைனில் அழுத்தம் நின்றதும், சுற்றித் தேங்கியிருக்கும் மழைத்தண்ணீரை அந்த உடைப்பு உறிஞ்சும். செப்டிக் டேங்க் பக்கத்திலேயே இருக்கும் மனைகளில் அது என்ன தண்ணீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரிசெய்த பிறகு சம்ப்பையும் டேங்கையும் கழுவி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரை எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, வண்டலைத் தங்கவிட்டுத் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாக் குழாய்களிலும் திறந்து ஓடவிடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொஞ்ச நாளைக்குக் கொதிக்கவைத்தே குடிப்பது நல்லது.

பனி உறையும் ஊரில் பிள்ளைகள் இருந்தால்

இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் டொரண்டோவிலோ டெக்சாஸிலோ இருக்கிறார்கள். ஜனவரியில் ஒரு விடியற்காலை போன் வரும். "அம்மா, குழாயில தண்ணியே வரல." அந்த நேரத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பகுதி.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. பைப்பின் நடுவே ஒரு பனி அடைப்பு விழுந்து வளர்ந்தால், அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் போக இடமின்றி அழுத்தம் ஏறி, பைப் பிளக்கும். பல நேரம் பிளந்தது உடனே தெரியாது. பனியே அடைப்பாக இருந்து காக்கும். உருகும்போதுதான் கொட்டும். ஆகவே தண்ணீர் வராத குழாய் ஒரு முன்னறிவிப்பு, இன்னும் நேரம் இருக்கிறது. "கண்ணா, முதல்ல மெயின் வால்வை மூடு, குழாயைத் திறந்து வை" என்று சொல்லுங்கள். அங்கே அந்த வால்வு பெரும்பாலும் பேஸ்மென்டில், தெருவிலிருந்து பைப் உள்ளே நுழையும் சுவரோரம், மீட்டர் பக்கத்தில் இருக்கும். பிறகு முடி உலர்த்தும் டிரையரை வைத்து, குழாயின் பக்கமிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீர் இரண்டு பனிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நெருப்பு, கேஸ் டார்ச் எதையும் பைப்பருகே கொண்டுபோகவே கூடாது. மரச் சுவர் வீடுகள் அப்படித்தான் பற்றிக்கொள்கின்றன. ஏற்கெனவே பிளந்து கொட்டுகிறது என்றால் வால்வு, மின்சாரம், பிளம்பர் என்ற வரிசை நம் ஊர் வரிசையேதான்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிர் வந்து பல லட்சம் வீடுகளுக்குக் கரண்ட் போனபோது ஏராளமான வீடுகளில் பைப்புகள் வெடித்தன. வெப்பமான ஊர் என்று எண்ணிக் கட்டிய வீடுகள், பல இடங்களில் போர்த்தாத பைப்புகள். கடுங்குளிர் இரவில் ஒரு குழாயை நூல் மாதிரி ஒழுகவிடுவதும், வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் அடி அலமாரியைத் திறந்து வைத்து வீட்டுச் சூட்டை உள்ளே விடுவதும், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஹீட்டரை முழுசாக அணைக்காமல் 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்துவிட்டு வருவதும் அவர்கள் பழக வேண்டியவை. வால்வு எங்கே என்று குடிபோன முதல் நாளே பார்த்து வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள்.

ஊட்டியில் சின்ன வீடு வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும், புல்வெளி வெள்ளையாக உறைபனி போர்த்தும். பூட்டிவிட்டு இறங்கும்போது டேங்க் வால்வை மூடி, கடைசிக் குழாயைத் திறந்து லைனை வடியவிட்டு வாருங்கள்.

ஐப்பசிக்கு முன்

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். வெளிச்சுவர்க் கிளாம்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். மாடி வடிகால் வாயில் இருக்கும் இலை, கிளி கடித்துப்போட்ட வேப்பங்கொட்டை எல்லாவற்றையும் எடுங்கள்; பைப் மாடியிலேயே உடைந்தால் தண்ணீர் போக வேண்டிய வழி அதுதான். வால்வுகளை மூடித் திறந்து பாருங்கள். ஒரு டப்பாவில் சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, ஹாக்ஸா பிளேடு, டெஃப்லான் டேப், உங்கள் வீட்டு அளவில் இரண்டு கப்ளர், ஒரு எல்போ, ஒரு எண்டு கேப், ஒரு சின்ன சொல்யூஷன் டப்பா போட்டு வையுங்கள். எண்டு கேப்பை மறக்காதீர்கள். உடைந்த கிளையை வெட்டி அதை ஒட்டி மூடிவிட்டால் மற்ற அறைகளுக்குத் தண்ணீர் வரும். சொல்யூஷன் திறந்து ஒரு வருஷமானால் கெட்டியாகிவிடும், புதிதாக வாங்குங்கள்.

செலவு செய்ய முடியும் என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: டேங்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனிலும், மாடியில் இருப்பது போக, தரையில் நின்றபடி கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பால் வால்வு. உடைப்பு அதற்கு மேலே விழுந்தால் அது உதவாது, உண்மைதான். அதனால் பைப் சுவரில் இறங்கத் தொடங்கும் இடத்தில், மாடிப்படி அறைக்குள்ளிருந்தே எட்டும்படி இன்னொன்று வைத்தால் மழையில் நனையாமலேயே மூடலாம். எந்த வால்வு எந்த அறைக்கு என்று பெயிண்டால் பக்கத்திலேயே எழுதுங்கள். மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பிளம்பர் எண்ணையும் எலெக்ட்ரீஷியன் எண்ணையும் ஒட்டி வையுங்கள். புயல் இரவில் போனில் சார்ஜ் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பெரியம்மா வீட்டில் இப்போது சமையல்கட்டு வாசலுக்கு வெளியே, இடுப்பு உயரத்தில், சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு பால் வால்வு இருக்கிறது. மாதம் முதல் தேதி பேரன் அதை ஒரு தடவை மூடித் திறக்கிறான். போன கார்த்திகையில் அவன் ஊரில் இல்லாத ஒரு நாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா இட்லி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தானே மூடித் திறந்துவிட்டுப் போனார்.